தாத்தா பைக்குக்கு பெயின்ட் அடிக்காதீங்க!

எந்த காலேஜ் ஹாஸ்டலா இருந்தாலும் சரி, மொட்டை மாடிக் கொடியில சே குவேரா படம் போட்ட டி-ஷர்ட் ஒண்ணாவது காயும். அதைப் போட்டுக்கிட்டு பந்தா காட்டுற பார்ட்டிகிட்ட, 'பாஸ், சே எந்த பைக்ல ஊர் சுத்தினார்?'னு கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் 'திருதிரு'தான்!

நார்ட்டன். 1939-ல செஞ்ச 500 சி.சி. பிரிட்டிஷ் வண்டி. சொந்தக்காரர் சே இல்லை, அவரோட தோஸ்த் ஆல்பெர்ட்டோ கிரனாடோ. 1952-ல், டாக்டர் படிப்பை இன்னும் முடிக்காத சே பின் ஸீட்ல தொத்திக்க, ரெண்டு பேரும் அர்ஜென்டினாவுலேர்ந்து கிளம்பினாங்க. வண்டிக்கு அவங்க வெச்ச செல்லப் பேர் 'லா பொதெரோசா'. 'மகா பலசாலி'ன்னு அர்த்தம். அந்தப் பலசாலி வழி நெடுக விழுந்து, உடைஞ்சு, கம்பியால கட்டப்பட்டு, கடைசியில சிலி நாட்டுல 'இதுக்கு மேல என்னால முடியாதுப்பா'ன்னு படுத்துடுச்சு. மிச்ச தூரமெல்லாம் லாரி, கப்பல், நடராஜா சர்வீஸ். இந்தப் பயணம்தான் 2004-ல 'தி மோட்டார்சைக்கிள் டைரீஸ்' படமா வந்தது.

அந்தக் கால பிரிட்டிஷ் பைக்கோட மொத்த ஜாதகமும் இந்தக் கதையில இருக்கு. அது கண்டிப்பா மக்கர் பண்ணும். ஆனா, கையில நாலு ஸ்பேனரும் கொஞ்சம் கம்பியும் இருந்தா, ரோட்டோரத்துலயே உட்கார்ந்து சரி பண்ணி மறுபடி கிளப்பலாம். இன்னிக்கு உங்க வண்டியில ஒரு சென்சார் போனா என்ன பண்ணுவீங்க? சர்வீஸ் சென்டருக்கு போன் போடுவீங்க. அவ்வளவுதானே!

இப்ப எதுக்கு இந்தக் கதை? உங்கள்ல சிலர் வீட்டுக் கொல்லையில, மாட்டுக் கொட்டகையில, சித்தப்பா வீட்டு கார் ஷெட்ல இந்த மாதிரி ஒரு இரும்புக் குதிரை சாக்கு போர்த்திக்கிட்டு நிக்குது. 'எப்பப் பார்த்தாலும் இடத்தை அடைச்சுக்கிட்டு... பேரீச்சம்பழத்துக்காவது போடலாம்'னு பாட்டி புலம்புறதும் உங்க காதுல விழுந்திருக்கும். நீங்களோ, 'செமஸ்டர் லீவுல இதைத் தூசு தட்டி, பளபளன்னு மெட்டாலிக் பெயின்ட் அடிச்சு, ஹேண்டில்பாரை வெட்டி, காலேஜ் கேட்ல போய் நிறுத்தினா எப்படி இருக்கும்!'னு கனவு கண்டுக்கிட்டிருப்பீங்க.

ரெண்டு பேருமே கொஞ்சம் பொறுங்க. காயலான் கடைக்காரர் அந்த வண்டிக்குப் பண்ற கெடுதலைவிட, அவசரக்கார பேரன் முதல் ரெண்டு வாரத்துல பண்ற கெடுதல் பெருசு. மிகைப்படுத்தல் இல்லை. கடைசி வரைக்கும் படிங்க, புரியும்.

சைக்கிள் கம்பெனியா... துப்பாக்கி கம்பெனியா?

பி.எஸ்.ஏ.ன்னு சொன்னா நமக்கு ஞாபகம் வர்றது ஸ்கூலுக்கு ஓட்டிக்கிட்டுப் போன சைக்கிள். ஆனா அந்த மூணு எழுத்தோட விரிவு 'பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்'. 1861-ல் பர்மிங்ஹாம் துப்பாக்கித் தொழிலாளிகள் சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி. பழைய பி.எஸ்.ஏ. வண்டிகள்ல மூணு துப்பாக்கியைக் கூம்பா சாய்ச்சு வெச்ச முத்திரை இருக்கும், பார்த்திருக்கீங்களா? அதோட பூர்வகதை இதுதான்.

இந்த பி.எஸ்.ஏ.வோட எம்20 மாடலையே உதாரணமா எடுத்துப்போம். 1937-ல் வந்த வண்டி. 496 சி.சி., ஒத்தை சிலிண்டர், வால்வெல்லாம் சிலிண்டருக்குப் பக்கவாட்டுல நிக்கிற சைடு வால்வு எஞ்சின். சக்தி எவ்வளவு தெரியுமா? வெறும் 13 குதிரைத் திறன்! உங்க பக்கத்து வீட்டுப் பையனோட 150 சி.சி. பைக் இதை ஈஸியா ஓரங்கட்டிடும். ஆனா இரண்டாம் உலகப் போர்ல இந்த மந்தமான ஜீவனைத்தான் பிரிட்டிஷ் ராணுவம் 1,26,000-க்கும் மேல வாங்கித் தள்ளுச்சு. சேறு, மணல், மோசமான பெட்ரோல், பழக்கமில்லாத டிரைவர்னு எதைக் கொடுத்தாலும் தாங்கும் என்பதுதான் காரணம். அந்த வண்டிகளைச் செஞ்ச ஸ்மால் ஹீத் தொழிற்சாலை மேலேயே 1940 நவம்பர் 19 ராத்திரி ஜெர்மன் குண்டு விழுந்து 53 தொழிலாளிகள் செத்துப்போனாங்க. அதுக்கப்புறமும் வண்டி வந்துக்கிட்டேதான் இருந்தது. போர் முடிஞ்சதும் ராணுவம் கழிச்சுக்கட்டின வண்டிகள் உலகம் முழுக்கச் சிதறுச்சு. இந்தியாவுலயும் நிறைய தங்கிடுச்சு.

எம்20 இல்லைன்னா உங்க வீட்டுல நிக்கிறது புல்லட்டா இருக்கலாம். அதுவும் பிறப்பால வெள்ளைக்காரன்தான். இங்கிலாந்துல ரெட்டிச்ங்கிற ஊர்ல பிறந்து, 1955-ல் 'என்ஃபீல்டு இந்தியா' ஆரம்பிச்சதும் நம்ம திருவொற்றியூருக்குக் குடிவந்தது. ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடியாச்சு. 1970-ல் தாய்க் கம்பெனியே காணாமப் போச்சு. பிள்ளை மட்டும் வடசென்னையில நிற்காம 'தட்தட்தட்' போட்டுக்கிட்டே இருந்தது!

இதுல இன்னொரு தமாஷ். பி.எஸ்.ஏ., நார்ட்டன், ட்ரையம்ஃப்னு கொடிகட்டிப் பறந்த பிரிட்டிஷ் கம்பெனிகளை 1970-கள்ல ஜப்பான் வண்டிகள் சுருட்டிப் போட்டுச்சு. இன்னிக்கு அந்தப் பேருங்க யார் கையில? பி.எஸ்.ஏ. பேரை மஹிந்திரா குழுமத்தோட கிளாசிக் லெஜெண்ட்ஸ் 2016-ல் வாங்கினது. 2020 ஏப்ரல்ல நார்ட்டனை வாங்கினது நம்ம டி.வி.எஸ். அதாவது, சே ஊர் சுத்தின பைக்கோட பேருக்கு இப்ப சொந்தக்காரர் சென்னைக்காரர்!

முதல் வேலை... சும்மா இருக்கறது!

சாக்கை உருவியாச்சு. வண்டி துருவும் எலிப் புழுக்கையுமா நிக்குது. உடனே கிக்கர் மேல ஏறி மிதிக்காதீங்க. பல வருஷம் நின்ன எஞ்சின்ல பிஸ்டன் ரிங் துருப்பிடிச்சு சிலிண்டரோட ஒட்டிக்கிட்டிருக்கும். நீங்க மிதிக்கிற மிதியில ரிங் உடையும், இல்லைன்னா கிக்கர் பல்லு போகும். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, அந்த ஓட்டை வழியா டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊத்திட்டு, உங்க வேலையைப் பார்க்கப் போயிடுங்க. ஒரு வாரம் ஊறட்டும். அப்புறம் டாப் கியர்ல போட்டு, பின் சக்கரத்தைக் கையால மெதுவா முன்னும் பின்னும் அசைச்சுப் பாருங்க. அசையலைன்னா இன்னொரு வாரம் ஊறட்டும். அவசரப்பட்டு சுத்தியலை எடுத்தா கதை கந்தல்.

அந்த ஒரு வாரத்துல உங்களுக்கு வேற வேலை இருக்கு. செல்போன் கேமராவை எடுங்க. கழட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு இஞ்ச்சையும் போட்டோ பிடிங்க. கேபிள் எந்தப் பக்கமா வளைஞ்சு போகுது, எந்த போல்ட்டுக்கு அடியில வாஷர் இருக்கு, ஒயர் எந்தக் கலர், எல்லாத்தையும்! கழட்டின பிறகு எல்லா நட்டையும் ஒரே டப்பாவுல போட்டா, மாட்டும்போது நீங்க மாட்டிக்குவீங்க. மசாலா பாக்கெட் கவர் போதும். ஒவ்வொரு இடத்து நட்டுக்கும் ஒரு கவர், மேல ஒரு சீட்டு. உடைஞ்ச பாகமா இருந்தாலும் தூக்கி எறியாதீங்க. புதுசா ஒண்ணு கடைஞ்சு எடுக்கணும்னா லேத்துக்காரர் அளவெடுக்கக் கேட்பது அந்த உடைஞ்ச பழசைத்தான்.

அப்புறம் காகிதம். ஆர்.சி. புக் எங்கேன்னு தாத்தா பெட்டியைக் குடைஞ்சு பாருங்க. புக்குல இருக்கிற எஞ்சின் நம்பரும் ஃப்ரேம் நம்பரும் வண்டியில அடிச்சிருக்கறதோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. இதுல ஒரு நுணுக்கம்: அந்தக் காலத்து பி.எஸ்.ஏ.க்கள்ல எஞ்சின் நம்பரும் ஃப்ரேம் நம்பரும் ஒண்ணுக்கொண்ணு வேற வேறயாத்தான் ஃபேக்டரியிலேர்ந்தே வரும். 'ரெண்டும் ஒண்ணா இல்லையே, டூப்ளிகேட் வண்டி'ன்னு யாராவது பெரிய மனுஷன் தோரணையில சொன்னா நம்பிடாதீங்க. விலையை அடிக்கறதுக்கு அதுவும் ஒரு டெக்னிக்!

பெயின்ட் ஏன் வேண்டாம்கிறேன் என்பதுக்கான சட்டக் காரணமும் இங்கேதான் வருது. 2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி ரெஜிஸ்ட்ரேஷன் விதி கொண்டுவந்தது. 50 வருஷத்துக்கு மேலான டூ வீலர், கார்களுக்கு நம்பருக்கு நடுவுல 'வி.ஏ.' என்ற எழுத்து. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், அப்புறம் மறுபதிவுக்கு 5,000 ரூபாய்னு விதி சொல்லுது. கண்காட்சி, ராலி, ரிப்பேர், பெட்ரோல் போடறது மாதிரியான காரியங்களுக்குத்தான் ரோட்டுல எடுக்கலாம். தினமும் காலேஜுக்கு ஓட்ட முடியாது. இதுல முக்கியமான கண்டிஷன், வண்டி அதோட ஒரிஜினல் வடிவத்துலயே இருக்கணும். ஃப்ரேம், எஞ்சின் இதையெல்லாம் பெருசா மாத்தியிருக்கக் கூடாது. பின் மட்கார்டை வெட்டி, ஃப்ரேமை அறுத்து 'பாபர்' ஸ்டைல் பண்ணினீங்கன்னு வைங்க, இந்த அந்தஸ்து போயே போச்சு. அறுத்த ஃப்ரேமை எந்த பெயின்ட்டாலயும் ஒட்ட முடியாது.

பெயின்ட்டும் அப்படித்தான். மங்கிப்போன ஒரிஜினல் பெயின்ட்டும், அது மேல கையால இழுத்த தங்கக் கோடும் அந்த வண்டிக்கு ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். பேப்பர் போட்டுத் தேய்ச்சிட்டா, அடியில என்ன கலர் இருந்தது, ராணுவ வண்டியா இருந்தா எந்த நம்பர் எழுதியிருந்தது எதுவும் தெரியாது. மண்ணெண்ணெய் தொட்ட துணியில அழுக்கைத் துடைச்சுட்டு, லேசா மெழுகு போட்டுப் பாருங்க. பாதி வண்டிகளுக்கு அதுவே போதும். துரு தின்னு ஓட்டை விழுந்த இடத்துக்கு மட்டும் டிங்கரிங். முழுசா பெயின்ட் அடிச்சே ஆகணும்னா அது கடைசி வேலையா இருக்கட்டும். நிறைய பேர் முதல்ல பெயின்ட்டுக்குப் பாக்கெட்டைக் காலி பண்ணிட்டு, எஞ்சினுக்குக் காசில்லாம பாதியில விட்டுடறாங்க. பளபளன்னு மின்னுற, ஓடாத வண்டி. அதை வெச்சு என்ன பண்றது, பூஜையா?

மரை கழண்ட கதை

இனிமேதான் நிஜமான வில்லன். நம்ம ஊர்ல ஒருத்தன் கிறுக்குத்தனம் பண்ணினா 'மரை கழண்டவன்'னு சொல்றோமில்ல? பழைய பிரிட்டிஷ் வண்டிக்குக் கை வைக்கிற அத்தனை பேருக்கும் ஒரு நாளாவது மரை கழண்டுடும்.

இன்னிக்கு நம்ம வண்டிகள்ல எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. 10, 12, 14 ஸ்பேனர் இருந்தா முக்கால்வாசி வண்டியைப் பிரிச்சுடலாம். அந்தக் கால வெள்ளைக்காரனுக்கு இஞ்ச் கணக்கு. அதுலயும் ஒரே கணக்கு கிடையாது. 1841-ல் ஜோசப் விட்வொர்த் என்ற எஞ்சினீயர் வகுத்த மரை ஒரு வகை. அதே மரையை நெருக்கமாக்கினது பி.எஸ்.எஃப். இன்னொரு வகை. சைக்கிள் தொழில்லேர்ந்து வந்த 'சைக்கிள் மரை' மூணாவது. பி.எஸ்.ஏ. வண்டிகள்ல இந்த மூணாவது நிறைய இருக்கும்; இஞ்ச்சுக்கு 26 சுத்து.

இப்ப கவனமா பாருங்க. எம்20-ல் ஒரு 5/16 இஞ்ச் போல்ட் தொலைஞ்சு போச்சு. 5/16 இஞ்ச்னா 7.94 மில்லிமீட்டர். கடையில 8 மி.மீ. போல்ட் சல்லிசா கிடைக்குது. 'அட, 0.06 மில்லிமீட்டர்தானே வித்தியாசம்'னு வாங்கிட்டு வந்து மாட்டறீங்க. முதல் ரெண்டு சுத்து அழகா ஏறும். அப்புறம் இறுகும். 'துருவா இருக்கும்'னு ஸ்பேனரைப் போட்டு ஒரு திருகு திருகுவீங்க பாருங்க... முடிஞ்சது! 8 மி.மீ. போல்ட்டுல இஞ்ச்சுக்கு ஏறக்குறைய 20 சுத்துதான். 26 சுத்து மரைக்குள்ள 20 சுத்து போல்ட் போனா, மெத்துனு இருக்கிற அலுமினிய கேஸ்ல மரை மொத்தமா வழிச்சுக்கிட்டு வந்துடும். எண்பது வருஷமா நல்லா இருந்த எஞ்சின் கேஸை நாசம் பண்ண ரெண்டே நிமிஷம்.

ஸ்பேனருக்கும் இதே பிரச்னைதான். விட்வொர்த் ஸ்பேனர்ல எழுதியிருக்கிற அளவு நட்டோட வாய் அளவு இல்லை. போல்ட்டோட உடம்பு அளவு! '1/4'னு எழுதியிருக்கிற ஸ்பேனரோட வாய் 13.3 மில்லிமீட்டர். உங்க 13-ம் நம்பர் அதுல ஏறாது. 14 லூசா ஆடும். ஆடுற ஸ்பேனரைப் போட்டு அழுத்தினா நட்டோட ஆறு முனையும் மழுங்கி உருண்டையாயிடும். பல பழைய வண்டிகள்ல நட்டெல்லாம் கோலிக்குண்டு மாதிரி இருக்கறதுக்கு இதுதான் காரணம். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரும் கட்டிங் பிளேயரும் அந்தப் பாவத்துல பங்காளிகள். அதனால நீங்க வாங்க வேண்டிய முதல் பொருள் பெயின்ட் டப்பா இல்லை, ஒரு செட் விட்வொர்த் ஸ்பேனர். புதுப்பேட்டை மாதிரி பழைய சாமான் சந்துகள்ல துழாவினா, இங்கிலாந்து முத்திரையோடயே சிக்கலாம். புல்லட் பார்ட்டிகளும் கொஞ்சம் உஷார்! பழைய சென்னை புல்லட்கள்ல பிரிட்டிஷ் மரையும் மெட்ரிக் மரையும் கலந்தே இருக்கும். எது எதுன்னு கையால ரெண்டு சுத்து விட்டுப் பார்த்துட்டுத்தான் ஸ்பேனர் போடணும்.

அரக்கு மாளிகை

பிரிட்டிஷ் பைக்குகளோட எலெக்ட்ரிக்கல் சமாசாரம் அநேகமா எல்லாமே லூகாஸ் கம்பெனி தயாரிப்பு. ராத்திரியில லைட்டு பாதி வழியில போயிடும் என்பதால அந்தக் கம்பெனி நிறுவனருக்கு வெள்ளைக்காரங்க வெச்ச பட்டப் பேர் 'இருட்டின் இளவரசன்'. அது கொஞ்சம் அநியாயம்தான். ஏன்னா எம்20-ல் இருக்கிற லூகாஸ் 'மேக்டைனோ' நிஜமாவே ஒரு கெட்டிக்காரத்தனமான அயிட்டம். ஸ்பார்க் கொடுக்க ஒரு மேக்னெட்டோ, அதுக்கு மேல லைட்டுக்கு ஒரு டைனமோ, ரெண்டும் ஒரே ஜோடி. மேக்னெட்டோவுக்கு பேட்டரியே தேவையில்லை. பேட்டரியைக் கழட்டி வீசிட்டாலும் வண்டி ஓடும்!

ஆனா அது வயசானா ஒரு விசித்திரமான வியாதி வரும். காலையில முதல் கிக்ல கிளம்பும். பத்து கிலோமீட்டர் போனதும் 'புஸ்'ஸுன்னு நின்னுடும். கால் மணி நேரம் டீ குடிச்சுட்டு வந்து உதைச்சா மறுபடி ஓடும். மெக்கானிக் கார்ப்பரேட்டரைக் கழட்டுவார், பெட்ரோல் டேப்பைக் கழட்டுவார், பிளக் மாத்துவார்... வியாதி போகாது. விஷயம் என்னன்னா, மேக்னெட்டோ சுருளோட இன்சுலேஷனுக்கு அந்தக் காலத்துல போட்டது நம்ம ஊர்க் காடுகள்ல கிடைக்கிற அரக்கு. சூட்டுல அது இளகும். பாண்டவர் மாளிகைக்கு ஆன கதிதான். சுருளுக்குள்ளேயே ஒரு கண்டென்சர் வேற ஒளிஞ்சுக்கிட்டிருக்கும். அது பழசானா சூட்டுல ஸ்பார்க் பலவீனமாயிடும். ஆக, சூடானதும் நிக்கிற வண்டிக்கு மருந்து கார்ப்பரேட்டர்ல இல்லை, சுருளை மறுபடி சுத்தி, புதுக் கண்டென்சர் போடறதுலதான் இருக்கு. தண்ணி மோட்டார் காயில் கட்டுற கடையில இதைக் கொடுக்காதீங்க. தலைமுடி மாதிரி மெல்லிசான கம்பி, ஆயிரக்கணக்கான சுத்து. மேக்னெட்டோவே வேலையா இருக்கிற ஆள்கிட்டதான் போகணும்.

அதுக்கு முன்னாடி நீங்களே செய்யக்கூடியது: பாயின்ட் இடைவெளியை 12 தௌ, அதாவது 0.30 மி.மீ. வெச்சுப் பாருங்க. ஸ்லிப் ரிங்ல படிஞ்சிருக்கிற கார்பன் தூளைத் துடைங்க. பாதி நேரம் இதுலயே வியாதி குணமாயிடும். ஒண்ணு மட்டும் உஷார், 1950-களோட ஆரம்பத்துலேர்ந்து பல பிரிட்டிஷ் வண்டிகள்ல பேட்டரியோட பாஸிட்டிவ் முனையைத்தான் பாடியில கொடுத்திருப்பாங்க. நம்ம வழக்கத்துக்கு நேர் தலைகீழ். பழக்க தோஷத்துல நெகட்டிவை பாடியில கொடுத்துட்டு, புதுசா எல்.இ.டி. பல்பு வேற மாட்டினீங்கன்னா, தீபாவளி சீக்கிரமே வந்துடும்.

ஒழுகுதா? அப்ப ஆயில் இருக்கு!

பிரிட்டிஷ் பைக்குக்கு அடியில ஆயில் ஒழுகலைன்னாதான் பயப்படணும்னு ஒரு பழைய ஜோக் உண்டு. எம்20-ல் ஆயில் தனி டேங்க்ல இருக்கும். பம்ப் அதை எஞ்சினுக்குள்ள அனுப்பி, திருப்பி இழுத்து டேங்க்குக்குக் கொண்டுவரும். பம்ப் தேய்ஞ்சிருந்தா, வண்டி மாசக்கணக்கா நிக்கும்போது டேங்க் ஆயில் முழுக்கச் சொட்டுச் சொட்டா எஞ்சின் அடியில இறங்கிடும். தெரியாம ஸ்டார்ட் பண்ணினா தெருவே கொசு மருந்து வண்டி வந்த மாதிரி ஆயிடும். ரொம்ப நாள் நின்ன வண்டியா? முதல்ல எஞ்சின் அடி ஆயிலை வடிச்சு அளந்து டேங்க்ல ஊத்துங்க, அப்புறம் உதைங்க.

சில புத்திசாலிகள் ஆயில் பைப்ல ஒரு டேப்பை மாட்டி, நிறுத்தும்போது மூடிடுவாங்க. ஐடியா பிரமாதம்தான். ஒரு நாள் திறக்க மறந்துட்டு ஓட்டற வரைக்கும்! ஆயில் போகாத எஞ்சின் சில நிமிஷத்துல ஜாம் ஆகி, பின் சக்கரம் பூட்டிக்கும். தனிப்பட்ட முறையில எனக்கு வடிச்சு ஊத்தறதுதான் நிம்மதி. கை அழுக்காகும், அவ்வளவுதான்.

பெட்ரோல் விஷயத்துல காலம் மாறிப்போச்சு. 2025-ல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க பங்க்குகளுக்கு வந்தாச்சு. 1940-கள்ல செஞ்ச ரப்பர் பைப், கார்க் வெச்ச பெட்ரோல் டேப், டேங்க் உள்ளே பூசின பழைய பூச்சு இதெல்லாம் எத்தனாலைப் பார்த்ததே இல்லை. ரப்பர் ஊறிப் பொதபொதன்னு ஆகும், பூச்சு உரிஞ்சு வந்து கார்ப்பரேட்டர் ஜெட்டை அடைக்கும். எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தையும் இழுத்துக்கும். மாசக்கணக்கா நிக்கிற டேங்க்ல துரு நிச்சயம். பைப்பை எத்தனால் தாங்கற ரகத்துக்கு மாத்துங்க. ரெண்டு, மூணு வாரம் ஓட்டப்போறதில்லைன்னா கார்ப்பரேட்டரைக் காலி பண்ணிடுங்க. அந்த ஆமல் கார்ப்பரேட்டருக்கு வாஷர், ஜெட் எல்லாம் இங்கிலாந்துல இன்னமும் புதுசா தயாராகுது என்பது ஆறுதலான சேதி. இந்த மாதிரி இடத்துல 'ஒரிஜினல் ரப்பர்தான் வேணும்'னு அடம்பிடிக்கிறது முட்டாள்தனம். தீப்பிடிக்கிற விஷயத்துல பழமைக்கு மரியாதை கிடையாது.

பிரேக்கும் அதே ரகம். பழைய பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், பேக்கிங் எல்லாத்துலயும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். பிரேக் டிரம்மைத் திறந்ததும் 'ஃபூ'ன்னு ஊதுற பழக்கத்தை விடுங்க. அந்தத் தூசு நுரையீரல்ல போய் உட்கார்ந்தா, பல வருஷம் கழிச்சு கேன்சரா வரலாம். ஈரத் துணியால துடைச்சு, கவர்ல கட்டிப் போட்டுட்டு, ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங் ஒட்டச் சொல்லுங்க.

அப்புறம், கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. நம்ம பழைய புல்லட்லயும் இப்படித்தான், கியர் ஒண்ணு மேலே, மூணு கீழே. அவசரத்துல உங்க வலது கால் பிரேக்னு நினைச்சு கியரை மிதிக்கும். காலி மைதானத்துல நாலு நாள் பழகாம ரோட்டுக்கு வராதீங்க. ஹெல்மெட் போடாம வரவே வராதீங்க. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' டி.இ.லாரன்ஸ் 1935-ல் தன்னோட பிரஃப் சுப்பீரியர் பைக்லேர்ந்து விழுந்து, தலையில அடிபட்டு ஆறாவது நாள் இறந்துபோனார். அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்கள்ல ஹியூ கெய்ர்ன்ஸும் ஒருத்தர். அந்தச் சாவு அவர் மனசை விட்டுப் போகலை. ராணுவத்துல தபால் கொண்டுபோற பைக்காரங்களோட தலைக்காயங்களை ஆராய்ச்சி பண்ணி 1941-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஹெல்மெட் உயிரைக் காப்பாத்தும்னு கணக்கோட காட்டின ஆரம்ப ஆராய்ச்சிகள்ல அது முக்கியமானது. அந்தத் தபால் வீரர்கள்ல ஏகப்பட்ட பேர் ஓட்டினது எதை? இதே எம்20-யைத்தான்!

உதைக்கலாமா?

இதெல்லாம் எங்கே கத்துக்கறது? உங்க ஊர்ல 60, 70 வயசுல ஒரு புல்லட் மெக்கானிக் கண்டிப்பா இருப்பார். கடையில போர்டுகூட இருக்காது. அண்ணே, ஐயான்னு போய் நில்லுங்க. முதல் மாசம் டார்ச் பிடிக்கச் சொல்வார், டீ வாங்கிட்டு வரச் சொல்வார். பிடிங்க, வாங்கிட்டு வாங்க. ஸ்பேனரோட ஒரு முனையை எஞ்சின்ல வெச்சு, இன்னொரு முனையைக் காதுல வெச்சு, 'டேப்பட் இல்லைடா, கான்ராடு அடிக்குது'ன்னு சொல்ற வித்தை எந்த எஞ்சினீயரிங் காலேஜ் சிலபஸ்லயும் கிடையாது. மரையைப் பத்தி மட்டும் அவர்கிட்ட பவ்யமா ஞாபகப்படுத்துங்க. சில பெருசுங்களுக்கும் '8 மி.மீ. போட்டு இறுக்கு' வியாதி உண்டு!

சரி, எல்லாம் முடிஞ்சு எம்20 தயார்னு வைங்க. பெட்ரோல் டேப்பைத் திறங்க. கார்ப்பரேட்டர் பக்கத்துல இருக்கிற சின்ன பட்டனை, விரல்ல பெட்ரோல் ஈரம் படற வரைக்கும் அமுக்குங்க. சோக்கை மூடுங்க. ஹேண்டில்பார்ல இருக்கிற இக்னிஷன் லீவரைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்க. இதுல மறதி கூடாது. ஸ்பார்க் முன்கூட்டியே விழுந்தா, 500 சி.சி. எஞ்சின் கிக்கரைத் திருப்பி உங்க காலையே உதைக்கும். கணுக்கால் எலும்பு பத்திரம். அப்புறம் கிக்கரை மெதுவா அழுத்துங்க, கல்லு மாதிரி ஓரிடத்துல நிக்கும். அங்கே வால்வு லிஃப்டர் லீவரைப் பிடிச்சு, ஒரு நூல் தாண்ட விட்டுட்டு, லீவரை விடுங்க. கிக்கரை மேலே வர விடுங்க. இப்ப கோபமா இல்லாம, நீளமா, முழுசா ஒரே உதை.

கிளம்பலைன்னா? பிளக்கைக் கழட்டுங்க. ஈரமா இருந்தா ஸ்பார்க் பிரச்னை, காய்ஞ்சிருந்தா பெட்ரோல் பிரச்னை. அங்கேயிருந்து தேடுங்க.

இந்தத் தடவை ஊருக்குப் போறப்ப ஒரு டார்ச்சும் பழைய டூத் பிரஷ்ஷும் பையில போட்டுக்குங்க. பி.எஸ்.ஏ.வா இருந்தா, சிலிண்டர் உட்கார்ற இடத்துக்குக் கீழே இடது பக்கம் எஞ்சின் நம்பர் இருக்கும். 'டபிள்யூ.எம்.20'ன்னு ஆரம்பிச்சா அது போர்க் காலத்து வண்டி. கிரீஸைத் தேய்ச்சு, நம்பர் மேல வெள்ளைத் தாளை வெச்சு பென்சிலால உரசி எடுத்துக்குங்க. பாட்டிகிட்ட, 'நான் அடுத்த லீவுக்கு வர்ற வரைக்கும் காயலான் கடைக்காரரை வாசல்ல நிறுத்தாதே'ன்னு சத்தியம் வாங்கிட்டு பஸ் ஏறுங்க.